கொங்கு நாட்டுக் குழாய்களில் நிலைக் கலப்பி: நிறுவலும் பேணலும்

குழாய்க்குள் ஓடும் இரண்டு பாய்மங்களை, மோட்டாரோ சுழலும் இறக்கையோ இல்லாமல், அந்த ஓட்டத்தின் ஆற்றலைக் கொண்டே ஒன்றோடொன்று கலக்கச் செய்யும் கருவி நிலைக் கலப்பி ஆகும். ஆலைகளில் இதனை ஸ்டேடிக் மிக்சர் என்றே அழைக்கின்றனர். குழாயின் உட்புறம் அசையாமல் பொருத்தப்பட்ட முறுக்குத் தகடுகளோ, குறுக்குப் பட்டைகளோ, சுவரிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்த சிறு நாக்குகளோதான் இதன் உறுப்புகள். ஆற்று நீரில் படிகாரக் கரைசலைச் சேர்க்கும் குடிநீர் நிலையம், சாயக்கழிவுநீரின் காரத்தன்மையை அமிலத்தால் தணிக்கும் சுத்திகரிப்பு நிலையம், தேங்காய் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை, தேங்காய்ப்பாலைப் பதப்படுத்தும் கூடம் ஆகிய எல்லாமே ஒரு திரவத்தில் இன்னொன்றை அளவோடு கலக்கும் வேலையை நாள்தோறும் செய்பவை. பொள்ளாச்சியிலிருந்து கோவை வழியாகத் திருப்பூர் வரை நீளும் கொங்கு நாட்டுத் தொழில் வட்டாரத்தில் இந்த வகை ஆலைகள் அனைத்தும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், இக்கருவியை எங்கே பொருத்துவது, எப்படிப் பேணுவது என்ற கேள்வி இப்பகுதிக்கு நேரடித் தொடர்புடையதாகிறது.

அசையும் உறுப்பு எதுவும் இல்லாத கருவிக்குப் பராமரிப்பும் தேவைப்படாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தாங்குருளை தேய்வதில்லை, மோட்டார் சுற்று எரிவதில்லை, எண்ணெய் இட வேண்டியதில்லை என்ற அளவில் அது சரியே. ஆனால் சுழலும் கலக்கி தானே ஆற்றலைக் கொண்டுவருவதைப் போல நிலைக் கலப்பி கொண்டுவருவதில்லை. தனக்கு முன்னால் உள்ள பம்பு தரும் ஓட்டத்தையும், வேதிக்கரைசலாகிய மருந்தை அளவோடு செலுத்தும் டோசிங் பம்பின் சீரையும், தன்னைச் சுற்றியுள்ள குழாயமைப்பையும் முழுமையாக நம்பியே அது இயங்குகிறது. எனவே அதன் பராமரிப்பில் பெரும்பகுதி கலப்பிக்கு வெளியே, அதன் முன்னும் பின்னும் உள்ள குழாயிலும் கருவிகளிலும் நடைபெற வேண்டியதாகும். நிறுவும் நாளில் இது உணரப்படாமல் போவதே பின்னாளில் எழும் குறைகளுக்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அசைவற்ற கலப்பி என்ற கருத்து புதியதன்று. காற்றையும் எரிவாயுவையும் கலப்பதற்கான அத்தகைய ஓர் அமைப்புக்கு 1874ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பதிவாகியுள்ளது. இன்று மிகுதியாகக் காணப்படும் திருகுவடிவ உறுப்புகளுக்கு அமெரிக்காவில் 1966இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அவ்வகை பின்னர் கெனிக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் நெளிவுத் தகடுகளை அடுக்கியும், 45 பாகையில் குறுக்கிடும் பட்டைகளைக் கோத்தும் வேறு இரு வகைகளை உருவாக்கியது. 1970களிலிருந்து வேதிப்பொருள் ஆலைகளிலும் பலபடிப்பொருள் ஆலைகளிலும் இவை வழக்கமான உறுப்புகளாயின. நீர்ச் சுத்திகரிப்பில் இவற்றின் பயன்பாடு அதன்பின் விரிவடைந்தது.

திருகுவகைக் கலப்பியின் ஒவ்வோர் உறுப்பும், இரு முனைகளிலும் பிடித்து அரைச்சுற்று, அதாவது 180 பாகை, முறுக்கப்பட்ட ஒரு தகடு ஆகும். ஓர் உறுப்பு வலப்புறமாக முறுக்கப்பட்டிருந்தால் அடுத்தது இடப்புறமாக முறுக்கப்பட்டிருக்கும். முதல் உறுப்பின் பின்விளிம்புக்குச் செங்குத்தாக அடுத்ததன் முன்விளிம்பு நிற்கும். பாகு, பசை, பிசின் போன்ற கெட்டியான திரவம் இதனுள் நுழையும்போது முதல் விளிம்பில் இரண்டாகவும், அடுத்ததில் நான்காகவும், அதற்கடுத்ததில் எட்டாகவும் பிரிகிறது. ஆறு உறுப்புகள் 64 அடுக்குகளையும் பன்னிரண்டு உறுப்புகள் 4,096 அடுக்குகளையும் உண்டாக்குகின்றன. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஆறு உறுப்புகளைக் கடந்த திரவத்தின் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டிருக்கும்; பன்னிரண்டைக் கடந்தபின் அது ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த நிலையில் மூலக்கூறுகளின் பரவலே எஞ்சிய வேலையை முடித்துவிடுகிறது.

நீர் போன்ற நெகிழ்வான திரவங்களில் நடப்பது வேறு. ஓட்டம் அடுக்கடுக்காக ஒழுங்காகச் செல்கிறதா, சுழல்களாக உடைகிறதா என்பதை 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்த ரெனால்ட்ஸ் எண் காட்டுகிறது. திசைவேகத்தையும் குழாய் விட்டத்தையும் பெருக்கி, திரவத்தின் பாகியலை அதன் அடர்த்தியால் வகுத்துக் கிடைக்கும் அளவால் அதனை வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். ஏறத்தாழ 2,000க்குக் கீழ் ஓட்டம் வரிச்சீராகவும் 4,000க்கு மேல் சுழற்சியாகவும் இருக்கும். 100 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு 30 கனமீட்டர் நீர் ஓடினால் அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தைக் கடக்கும். இந்நிலையில் உறுப்புகளின் பணி அடுக்குகளை எண்ணிப் பிரிப்பதன்று. குழாய் முழுவதும் சுழல்களை வலுவாகத் தூண்டிவிடுவதே ஆகும். வெறுங்குழாயும் சுழற்சி ஓட்டத்தில் கலக்கவே செய்கிறது. ஆனால் அதற்கு விட்டத்தைப்போல் நூறு மடங்கு நீளமோ அதற்கு மேலோ வேண்டியிருக்க, நிலைக் கலப்பி சில விட்டங்களுக்குள் அதை முடித்துவிடுகிறது.

இந்த ஆதாயம் இலவசமாக வருவதில்லை. கலப்பியைக் கடக்கையில் திரவம் தன் அழுத்தத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. வரிச்சீர் ஓட்டத்தில் திருகுவகைக் கலப்பியின் அழுத்த இழப்பு அதே நீள வெறுங்குழாயின் இழப்பைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஆறு உறுப்புகள் கொண்ட கலப்பி 0.1 பார், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீருயர அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது என்று கொண்டால், ஓட்டத்திலிருந்து அது உறிஞ்சும் திறன் சுமார் 83 வாட் ஆகும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 விழுக்காடு திறமையுடன் இயங்கினால் மின்கணக்கில் அது 140 வாட்டுக்கு அருகில் வரும். அதே பணிக்கு அரைக் குதிரைத்திறன் கலக்கி ஒன்றை இரவுபகலாக ஓட்டுவதைவிட இது குறைவே என்றாலும், அந்த ஒரு மீட்டர் உயரம் பம்பின் தேர்வில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பம்பு உற்பத்திக்குப் பெயர்பெற்ற கோவையின் அருகிலேயே, ஏற்கெனவே தன் எல்லையில் ஓடும் பழைய பம்பின் வழியில் கலப்பியைப் பின்னர் நுழைத்து, ஓட்டம் குறைந்துவிட்டதே என்று வருந்தும் நிலை ஏற்படுவது தவிர்க்கக்கூடியது.

ஓட்டம் மாறும்போது நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. சுழற்சி ஓட்டத்தில் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது, கலப்பதற்குச் செலவாகும் திறன் மும்மடியைப் பின்பற்றுகிறது. ஓட்டம் பாதியானால் அழுத்த இழப்பு நான்கில் ஒன்றாகவும் கலக்கும் திறன் எட்டில் ஒன்றாகவும் சுருங்கும். கலக்கும் வேகத்தை நீர்ப்பொறியியலார் திசைவேகச் சரிவு என்ற அளவால் குறிக்கின்றனர்; கேம்ப், ஸ்டைன் ஆகிய இருவர் 1943இல் முன்வைத்த இவ்வளவு, ஒரு கனமீட்டரில் செலவாகும் திறனைப் பாகியலால் வகுத்து வர்க்கமூலம் காண்பதாகும். மேற்கண்ட கலப்பியில் இது முழு ஓட்டத்தில் நொடிக்கு 3,700 அளவிலும், பாதி ஓட்டத்தில் 1,300 அளவிலும் அமையும். கோடையில் ஆற்றிலும் கிணற்றிலும் நீர் குறைந்து, பம்புகள் முறைவைத்து ஓட்டப்படும் ஒரு வட்டாரத்தில் கலப்பியை மிகுதியான ஓட்டத்துக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குவது பொருந்தாது. மிகக் குறைந்த ஓட்டத்தில் கலக்குமா, மிகுந்த ஓட்டத்தில் அழுத்தம் தாங்குமா என்ற இரு கேள்விகளுக்கும் ஒருசேர விடை கிடைத்தாக வேண்டும்.

பொள்ளாச்சி நகரின் குடிநீருக்கு ஆதாரமான ஆழியாறு, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கலங்கலாகவும் மற்ற மாதங்களில் பெரும்பாலும் தெளிவாகவும் ஓடுவது. இத்தகைய நீரைத் தெளியவைக்கச் சேர்க்கப்படும் படிகாரம் நீரில் விழுந்தவுடன் வினைபுரியத் தொடங்குகிறது. கலங்கல் துகள்களின் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் அலுமினியச் சேர்மங்கள் ஒரு நொடிக்கும் குறைவான காலத்திலும், துகள்களை வாரிச் சேர்க்கும் அலுமினிய ஹைட்ராக்சைடு வீழ்படிவு ஒன்று முதல் ஏழு நொடிகளிலும் உருவாகின்றன. அந்த முதல் நொடியில் நீர் முழுவதும் படிகாரம் பரவாவிட்டால் ஓரிடத்தில் மிகுதியும் மற்றோரிடத்தில் போதாமையும் ஏற்பட்டு, அடுத்து எவ்வளவு நேரம் கலக்கினாலும் அக்குறை தீராது. செலவாகும் படிகாரம் மட்டும் கூடும். ஃபிளாஷ் மிக்சர் எனப்படும் தொட்டிக் கலக்கியில் நீர் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தங்குவதால், ஏற்கெனவே வினைபுரிந்த நீரும் புதிதாக வந்த நீரும் தொட்டிக்குள் ஒன்றாகச் சுழல்கின்றன. நிலைக் கலப்பியிலோ எல்லா நீரும் ஒரே சீராக ஒரு நொடிக்குள் கடந்துவிடுகிறது. மின்னூட்டச் சமனையே நம்பும் சுத்திகரிப்புக்கு இது சிறந்த பொருத்தம் என்றே கூற வேண்டும். சுண்ணாம்புக் குழம்பு போலக் கரைவதற்கே நேரம் எடுக்கும் பொருளுக்கு அந்த ஒரு நொடி போதாது; அங்கே கலப்பிக்குப் பின் ஒரு தொட்டி இருந்தே தீர வேண்டும். கலத்தல் வேறு, வினை முடிதல் வேறு. முதலாவதை மட்டுமே இக்கருவி உறுதிசெய்கிறது.

நிலைக் கலப்பியின் மிகப் பெரிய வரம்பு, எல்லா நீரையும் ஒரே சீராகக் கடத்திவிடும் அதே இயல்பிலிருந்தே பிறக்கிறது, நடைமுறையில் மிகுதியாக மறக்கப்படுவதும் அதுவே. குழாயின் குறுக்காக அது மிகச் சிறப்பாகக் கலக்கும். குழாயின் நீளவாட்டில் ஏறக்குறைய கலப்பதே இல்லை. அதாவது முன்னால் சென்ற நீரையும் பின்னால் வரும் நீரையும் அது ஒன்றுசேர்ப்பதில்லை. மருந்தைச் செலுத்தும் டயாபிரம் வகை டோசிங் பம்பு தொடர்ச்சியாகச் செலுத்துவதன்று. ஒவ்வோர் அடியிலும் ஒரு சிறு அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த அடிக்காக உறிஞ்சும்போது நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 60 அடிகள் வீதம் அது இயங்க, முதன்மைக் குழாயில் நீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், மருந்து ஒரு மீட்டருக்கு ஒருமுறை கட்டியாக வந்து சேர்கிறது. ஆறு உறுப்புக் கலப்பியின் நீளமோ 0.9 மீட்டர்தான். மருந்து செறிந்த நீர் குறுக்கே சீராகக் கலந்தும், மருந்தே இல்லாத நீர் அதேபோலச் சீராகக் கலந்தும், மாறிமாறி வெளியேறும். கலப்பி தன் வேலையைப் பிழையின்றிச் செய்துகொண்டிருக்க, கீழே உள்ள பிஹெச் மானி ஓயாமல் ஏறி இறங்கும். இதைக் கண்டு கலப்பியில் மேலும் உறுப்புகளைச் சேர்ப்பதால் அழுத்த இழப்பு கூடுமேயொழிய ஏற்ற இறக்கம் தணியாது. அடியின் அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதும், டோசிங் பம்புக்குப் பின் துடிப்பைத் தணிக்கும் காற்றுக்கலத்தைப் பொருத்துவதும், மருந்தை முன்னதாகவே சற்று நீர்க்கச் செய்து மிகுந்த அளவில் தொடர்ச்சியாகச் செலுத்துவதும்தான் இதற்கு உரிய வழிகள். டோசிங் பம்பின் தேர்வு கலப்பியின் தேர்வோடு சேர்த்தே நடக்க வேண்டும் என்று வலியுறுத்தக் காரணம் இதுவே.

நிறுவுவதில் முதற்கவனம் கலப்பிக்கு முன்னுள்ள குழாய்க்குச் செல்ல வேண்டும். எல்போவுக்கோ பாதி மூடிய வால்வுக்கோ அடுத்தாற்போல் கலப்பியை வைத்தால் ஓட்டம் ஒருபுறம் சாய்ந்து நுழைகிறது. விட்டத்தைப்போல் சில மடங்கு நேர்க்குழாய் முன்னாலும் பின்னாலும் விடுவது நல்லது, உற்பத்தியாளர் தரும் அளவே இதில் இறுதியானது. மருந்து நுழையும் குழல் சுவரோடு நின்றுவிடாமல் குழாயின் நடுப்பகுதி வரை நீண்டு, முதல் உறுப்புக்குச் சற்று முன்னால் முடிய வேண்டும். சுவரோரம் சொட்டும் அடர்ந்த அமிலம் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வெகுதூரம் ஓடி, சுவரையும் முதல் தகட்டின் ஓரத்தையும் அரித்துவிடும். அந்தக் குழலில், நீர் மருந்துக் கலனுக்குத் திரும்பிப் பாயாதபடி ஒருவழி வால்வும், ஓட்டத்தை நிறுத்தாமலே குழலை வெளியே எடுக்க உதவும் அடைப்பு வால்வும் இருக்க வேண்டும். இரண்டு திரவங்கள் அருகருகே இணையாக நுழையும் அமைப்பில், முதல் உறுப்பின் முன்விளிம்பு அவற்றின் எல்லைக்கோட்டுக்குக் குறுக்காக நிற்பது இன்றியமையாதது. எல்லைக்கோட்டோடு அது ஒத்துப் படிந்துவிட்டால் ஒரு திரவம் ஒருபுறமும் மற்றது மறுபுறமும் அப்படியே செல்ல, முதல் உறுப்பு பயனற்றுப் போகும். வெளிப்புறத்தில் அம்புக்குறி பொறித்த கலப்பிகளில் அதை மட்டும் பார்த்துப் பொருத்திவிட்டு, ஃபிளேஞ்சின் துளைகளை எந்தக் கோணத்தில் இணைப்பது என்பதை ஃபிட்டரின் வசதிக்கு விட்டுவிடுவதால் இப்பிழை நேர்கிறது.

சுழற்சி ஓட்டத்தில் கலப்பி கிடையாக இருந்தாலும் நிமிர்ந்து இருந்தாலும் வேறுபாடு குறைவு. மெதுவான ஓட்டத்தில், குழாய் எப்போதும் நிறைந்திருக்குமாறு கீழிருந்து மேலாகச் செலுத்துவது பாதுகாப்பானது. தகடுகளை வெளியே இழுக்க அவற்றின் நீளத்துக்குச் சமமான வெற்றிடம் ஒருபுறம் விடப்பட வேண்டும்; சுவரை ஒட்டி வைக்கப்பட்ட கலப்பியைக் கழற்றக் குழாயையே அறுக்க நேரும். இடையறாது ஓட வேண்டிய வழியாயின் மாற்றுவழிக் குழாயும் இருபுற வால்வுகளும், தாழ்ந்த இடத்தில் வடிகால் திறப்பும் அமைக்கப்பட வேண்டும். கலப்பியின் எடையையும் அதனுள் நிற்கும் நீரின் எடையையும் பக்கத்து ஃபிளேஞ்சுகள் சுமக்காதபடி தனித் தாங்கிகள் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக முறுக்க வேண்டும். திடீர் மின்தடையில் பம்பு நிற்கும்போது திரும்பி மோதும் நீரடி, உள்ளே பூட்டப்பட்ட உறுப்புத் தொகுதியைப் பின்னோக்கித் தள்ளவல்லது. ஆகவே, கழற்றக்கூடிய உறுப்புகளைப் பிடித்திருக்கும் வளையம் இருபுற விசையையும் தாங்குவதாக இருத்தல் வேண்டும்.

உலோகத் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பதற்குத் திருப்பூரே தக்க சான்று. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிப் பாசனத்தைக் கெடுத்த வரலாறும், 2011 ஜனவரி 28இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும், அதன்பின் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றாத முறைக்கு அவ்வூர் மாறியதும் தெரிந்தவை. அம்முறையில் கழிவுநீர் உயிரியல் சுத்திகரிப்பு, பல படிகளில் எதிர்ச் சவ்வூடு பரவல் எனும் ஆர்.ஓ., ஆவியாக்கிகள் என்று நீண்ட வழியைக் கடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அமிலம், படிவுத் தடுப்பான், குளோரின் நீக்கி எனப் பல மருந்துகள் குழாயிலேயே சேர்க்கப்படுகின்றன. ஆர்.ஓ.வின் பாலியமைடு சவ்வு குளோரினைத் தாங்காது. மிகச் சிறு அளவு நீடித்துத் தொட்டாலும் அதன் உப்பைத் தடுக்கும் ஆற்றல் நிரந்தரமாகக் குறைந்துவிடும். குளோரின் பயன்படும் இடங்களில் அதை நீக்கச் சேர்க்கப்படும் சோடியம் மெட்டாபைசல்பைட்டு, கணக்கின்படி ஒரு கிராம் குளோரினுக்கு 1.34 கிராம் போதுமென்றாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. கலத்தல் குறைவாக இருந்தால் இந்த மிகையும் காப்பாற்றாது. நீரின் ஒரு பகுதி மருந்தைச் சந்திக்காமலே சவ்வை அடைந்துவிடும், சவ்வு மாற்றும் செலவோ கலப்பியின் விலையைப் பன்மடங்கு விஞ்சும்.

சாய நீரில் உப்பு மிகுதி. குளோரைடு செறிந்த நீரில் 304 ரகத் துருவேறா எஃகு புள்ளிபுள்ளியாக அரிக்கப்படுகிறது. 316 ரகம் சற்றே தாங்கினாலும், செறிவு ஏறிய பிந்தைய கட்டங்களில் அதுவும் போதாமல் டூப்ளெக்ஸ் எஃகோ, கண்ணாடி நாரிழைப் பிளாஸ்டிக்கோ, சிபிவிசியோ தேவைப்படும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு, ஹைப்போகுளோரைட்டு ஆகிய மூன்றும் செறிவாக நுழையும் இடத்தில் சாதாரண எஃகுத் தகடுகளை வைக்கவே கூடாது. கீழே வரும் நீரின் தரத்தைப் பார்த்து உலோகத்தைத் தேர்வதே வழக்கமான தவறு. கலக்குமுன் உள்ள மருந்தின் செறிவைச் சந்திப்பது முதல் உறுப்பும் செலுத்துகுழலுமே ஆதலால் அவற்றின் உலோகம் அந்தச் செறிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தகடும் குழாய்ச் சுவரும் ஒட்டும் இடுக்குகளில் உப்பு நீர் தேங்கி அரிமானம் தொடங்குவதால், இயங்காத நாள்களில் கலப்பியை நிரப்பியே வைத்திராமல் நன்னீரால் அலசி வடித்துவிடுவதும் நன்று.

திருப்பூருக்கும் பொள்ளாச்சிக்கும் பொதுவான மற்றோர் இடர் இழை. பனியன் துணியிலிருந்து கழன்ற பஞ்சுத்துகளும், தென்னை நார் அலசிய நீரில் வரும் நாரும் குறுக்கே நிற்கும் தகட்டின் முன்விளிம்பில் மாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து சில வாரங்களில் அடைப்பாகின்றன. திருகுவகைத் தகட்டின் முன்விளிம்பு குழாயின் முழு விட்டத்திலும் குறுக்கிடுவதால் இழை கலந்த நீருக்கு அது ஏற்றதன்று. சுவரிலிருந்து நீரோட்டத் திசையில் சாய்ந்து நிற்கும் நாக்குவடிவ உறுப்புகளில் நடுவழி திறந்திருப்பதால் இழை வழுக்கிச் சென்றுவிடுகிறது. அப்போதும் முன்னால் ஒரு வடிகட்டி இருந்தே ஆக வேண்டும்.

பேணும் முறைகளுள் முதன்மையானது அழுத்த இழப்பைக் கண்காணிப்பது. கலப்பிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானியை வைத்து, புதிதாக நிறுவிய நாளிலேயே, ஓட்ட அளவோடு சேர்த்து அழுத்த வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். இந்த முதற்பதிவு இல்லாமல் பின்னாளைய எந்த அளவீட்டுக்கும் பொருளில்லை. ஓட்டம் மாறியிருந்தால் வேறுபாட்டை நேரடியாக ஒப்பிடாமல், ஓட்டத்தின் இருமடியால் வகுத்து ஒப்பிட வேண்டும். மணிக்கு 30 கனமீட்டரில் 0.10 பார் காட்டிய கலப்பி 24 கனமீட்டரில் 0.064 பார் காட்டினால் அது நலமாகவே உள்ளது. அதே ஓட்டத்தில் மீண்டும் 0.10 பார் காட்டினால் பாதை குறுகிவிட்டது என்று கொள்ளலாம். வேறுபாடு எதிர்பாராமல் குறைந்தாலும் அது நற்செய்தியன்று. தகடு அரித்து உடைந்துபோனதையோ, தொகுதியே இடம் பெயர்ந்ததையோ அது குறிக்கக்கூடும். புதிதாக எழும் கிடுகிடு ஒலியும் தளர்ந்த உறுப்பின் அடையாளமே.

கலத்தலின் தரத்தை அழுத்தமானி சொல்லாது. அதற்குக் கலப்பிக்குக் கீழே குழாயின் குறுக்கே பல இடங்களில் மாதிரி எடுத்து, செறிவின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து மாறுபாட்டுக் கெழுவைக் காண வேண்டும். அது 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான பணிகளுக்கு நன்கு கலந்ததாகக் கொள்வது வழக்கம். ஐந்து இடங்களில் 48, 50, 52, 49, 51 என்ற அளவுகள் கிடைத்தால் கெழு 3.2 விழுக்காடு. உப்புக் கரைசலைச் செலுத்தி மின்கடத்துத்திறனை அளப்பது எளிய வழி. எந்த ஆலையிலும் கிடைக்கும் கையடக்க மானியே இதற்குப் போதும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்யாமலிருக்கச் சரியான காரணம் எதுவும் இல்லை. நிரந்தர பிஹெச் மானியைக் கலப்பியை ஒட்டியே பொருத்தாமல் சில விட்டங்கள் தள்ளி, ஆனால் கட்டுப்பாடு தாமதமாகிவிடாத தொலைவில் வைப்பது பொருத்தம்.

செலுத்துகுழலின் முனை கலப்பியைவிட முன்னதாகவே அடைபடும். கொங்குப் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீர். காரத்தன்மை மிக்க ஹைப்போகுளோரைட்டு அந்நீரைச் சந்திக்கும் முனையில் சுண்ணாம்புப் படிவு வளர்ந்து துளையை மூடுகிறது. எனவே குழலைக் குறித்த இடைவெளியில் வெளியே எடுத்து நீர்த்த அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். ஆனால் அதற்குமுன் ஹைப்போகுளோரைட்டின் எச்சம் முழுவதையும் நீரால் அலசியாக வேண்டும், ஏனெனில் அமிலமும் அதுவும் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். எந்தக் கலப்பியையும் கழற்றுமுன் இருபுற வால்வுகளையும் பூட்டி, டோசிங் பம்பின் மின்னிணைப்பைத் துண்டித்து, அழுத்தத்தை வடித்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்த பின்னரே போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். கேஸ்கட்டை மறுமுறை பயன்படுத்துவது சிக்கனமாகாது.

தென்னைசார் ஆலைகளில் கேள்வி வேறு உருவம் கொள்கிறது. தேங்காய் எண்ணெயைச் சுத்திகரிக்கையில் பாஸ்பாரிக் அமிலமும் எரிசோடாக் கரைசலும் எண்ணெயின் அளவோடு ஒப்பிட மிகச் சிறிய பங்கில் சேர்கின்றன. அவற்றை நுண்துளிகளாகச் சிதறடித்தால்தான் வினை முழுமையாகும், மிகையாகச் சிதறடித்தாலோ எண்ணெயும் சவர்க்காரமும் பிரியாத குழம்பாகி எண்ணெய் இழப்பு நேரும். இங்கே கலப்பியின் வலு மிகாமல் இருப்பதும் குறையாமல் இருப்பதும் ஒரே அளவுக்கு முக்கியம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழ் உறையத் தொடங்குவதால், மார்கழி இரவில் ஓட்டம் நின்ற குழாயில் கலப்பியின் குறுகிய பாதைகளே முதலில் இறுகும். வெந்நீர் உறையோ வெப்பமூட்டும் நாடாவோ சுற்றாத கலப்பியைக் காலையில் பம்பின் அழுத்தத்தால் திறக்க முயல்வது தகடுகளை நெளித்துவிடும்.

தேங்காய்ப்பால் இன்னும் மென்மையானது. அதன் புரதம் ஏறத்தாழ 80 பாகையில் திரண்டுவிடுவதால், நிலைநிறுத்திகளைச் சேர்த்துச் சூடேற்றும் வழியில் உள்ள கலப்பியின் தகடுகளில் புரதமும் கொழுப்பும் படலமாக ஒட்டுகின்றன. உணவுப் பயன்பாட்டில் இடுக்குகளற்ற, மெருகேற்றிய 316எல் எஃகாலான, முழுத் தொகுதியையும் கழற்றிப் பார்க்கக்கூடிய கலப்பியே ஏற்புடையது. குழாயைக் கழற்றாமலே அலசும் சிஐபி முறையில் முதலில் நீரும், பின் 70 முதல் 80 பாகை வெப்பத்தில் ஒன்றிரண்டு விழுக்காடு எரிசோடாவும், அதன்பின் நீரும் நீர்த்த அமிலமும் செலுத்தப்படுகின்றன. அலசும் திரவத்தின் வேகம் குழாயில் நொடிக்கு ஒன்றரை மீட்டரை எட்ட வேண்டும் என்பது பொதுவிதி. உற்பத்தி ஓட்டத்துக்கு மட்டும் கணக்கிட்ட பம்பு பல சமயம் இந்த வேகத்தைத் தராது என்பதால் அலசலுக்கெனத் தனிப் பம்பு கருதப்பட வேண்டும். அப்படியிருந்தும் முறைவைத்துக் கழற்றி, தகட்டின் பின்புற மூலைகளைக் கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

எல்லா இடத்திலும் கலப்பி தேவை என்பதும் இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவுப் பகுதித் தென்னந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் வழியே உரக்கரைசலைச் செலுத்தும் உழவர்கள் வென்சுரி என்ற குறுகுகழுத்துக் குழலைப் பயன்படுத்துகின்றனர். அது உரத்தை உறிஞ்சும் இடத்திலேயே ஓரளவு கலத்தலும் நடக்கிறது. 63 மில்லிமீட்டர் முதன்மைக் குழாயில் நூறு விட்டம் என்பது ஆறேகால் மீட்டர்தான் ஆதலால், முதற்கிளை பிரியுமுன் அந்த நீளம் கிடைத்தால் நிலைக் கலப்பிக்குச் செலவிடுவது வீண். அங்கே உண்மையான இடர் கலவாமையன்று. கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் அல்லது சல்பேட் உரங்களையும் ஒரே கரைசலில் சேர்ப்பதால் உண்டாகும் வீழ்படிவு சொட்டுவான்களை அடைப்பதே. எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் அது தீராது, வெவ்வேறு நாள்களில் செலுத்துவதாலேயே தீரும்.

கோவை வட்டாரப் பணிமனைகள் பல இத்தகைய உறுப்புகளை வெட்டி, முறுக்கி, பற்றவைத்துத் தரும் திறன் படைத்தவை. அவர்களிடம் குழாய் விட்டத்தை மட்டும் சொல்லி வாங்கினால் விட்டத்துக்குப் பொருந்தும் தகடுதான் கிடைக்கும். மிகக் குறைந்த, மிகுந்த ஓட்டங்கள், இரு திரவங்களின் பாகியலும் அடர்த்தியும், அவை சேரும் விகிதம், வெப்பநிலை, தாங்கக்கூடிய அழுத்த இழப்பு, கலக்குமுன் மருந்தின் செறிவு, திரவத்தில் இழையோ துகளோ உண்டா என்பது, எதிர்பார்க்கும் மாறுபாட்டுக் கெழு ஆகியவற்றைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, ஒப்படைக்கும் நாளில் முழு ஓட்டத்திலும் பாதி ஓட்டத்திலும் அழுத்த வேறுபாட்டை அளந்து பதிவேட்டின் முதற்பக்கத்தில் பதிந்து, ஆலையின் பொறியாளரும் செய்துதந்தவரும் கையொப்பமிட வேண்டும்.